நரக குண்டத்தின் இருவாட்சி

பொது அறிவுப் போட்டிகளில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: இந்தியாவில் எரிமலை எங்கே இருக்கிறது? பாரன் தீவு என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தூரத்தில் அந்தமான் கடலில் இருக்கிறது அது. (போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. பழைய பெயர் நாக்கை விட்டுப் போக நாளாகும்.) 19-ம் நூற்றாண்டில் அடங்கிப்போன பாரன், 1991-ல் மறுபடி நெருப்பைக் கக்கியது. அதன்பின் விட்டு விட்டுப் பொங்கிக்கொண்டிருக்கிறது. இரவில் செந்தழல், பகலில் சாம்பல் புகை என்று புகைப்படக்காரர்களுக்கு உகந்த எரிமலை.

இதே வரிசையில் வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இன்னொரு எரிமலைத் தீவு இருக்கிறது. அது வெடிப்பதில்லை, புகைவதில்லை; எனவே பாடப் புத்தகத்திலும் அதற்குப் பெரிதாக இடமில்லை. பெயர் நார்கொண்டம். போர்ட் பிளேரிலிருந்து 260 கி.மீ., வடக்கு அந்தமானின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 130 கி.மீ. மியான்மருக்குச் சொந்தமான கோகோ தீவுகளும் ஏறக்குறைய அதே தூரம்தான். மொத்தப் பரப்பு 7 சதுர கிலோமீட்டர் அளவில். காலையில் சுற்றக் கிளம்பினால் மாலைக்குள் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. நடக்கத் தோதான சமதளம் அங்கே மிகக் குறைவு. கடலிலிருந்து நேராக எழும் ஒரே மலை, உச்சி 710 மீட்டர். அந்தமான் தீவுகளிலேயே உயரமான சாடில் சிகரத்தைவிட 22 மீட்டர்தான் குறைவு. கரையில் பல இடங்களில் பாறைச் செங்குத்து, மற்ற இடங்களில் அலை. உச்சி பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும்.

அந்தமான் தீவுகள் எல்லாமே எரிமலையால் உண்டானவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வடக்கு, மத்திய, தெற்கு அந்தமான்கள் பெரும்பாலும் கடலடிப் படிவுகள் நெருக்கப்பட்டு, மடிந்து மேலே எழுந்தவை. பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலில் இறங்கித் தொடர்வது போல அவை கிடக்கின்றன. அவற்றுக்குக் கிழக்கே தனியாக ஓடுகிறது எரிமலை வரிசை. இந்தியத் தட்டு கிழக்கே நகர்ந்து பர்மியத் தட்டின் அடியில் நுழைகிறது. ஆழத்துக்குப் போன பாறையிலிருந்து நீர் பிரிகிறது. அந்த நீர் மேலேயுள்ள சூடான பாறையை உருக வைக்கிறது. உருகியது வழி தேடி மேலே வருகிறது. சுமத்ராவின் எரிமலைகளுக்கும் இதுதான் காரணம், பாரனுக்கும் நார்கொண்டத்துக்கும் இதுதான் காரணம். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் வரை வந்து உயிர் பறித்த சுனாமியைக் கிளப்பியதும் இதே தட்டு விளிம்புதான். பாரன் அடுத்த ஆண்டே, 2005-ல், பொங்கியது. நார்கொண்டம் அசையவில்லை. வரலாற்றுக் காலத்தில் அது வெடித்ததாக எந்தப் பதிவும் இல்லை.

பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. 'நரக குண்டம்' என்பதே மாலுமிகள் வாயில் நார்கொண்டம் ஆனது என்பது பலரும் சொல்லும் விளக்கம். தமிழருக்கு அகராதி தேவையில்லாத பெயர். ஆனால் நெருப்பும் இல்லாத, புகையும் இல்லாத, உச்சி வரை பசுங்காடு மூடிய தீவுக்கு நரகக் குழி என்று யார் பெயர் வைப்பார்கள்? உண்மையில் அந்தப் பெயர் தெற்கே நெருப்புக் கக்கும் தீவுக்குத்தான் உரியது, யாரோ வரைபடம் வரைந்தவர் இடம் மாற்றி எழுதிவிட்டார் என்று ஒரு கருத்து இருக்கிறது. நிரூபிக்க வழியில்லை, ஆனால் நம்பத் தோன்றுகிறது. எரியும் தீவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரைத் தமிழாக்கினால் 'தரிசுத் தீவு' என்று வரும். ஒன்று தரிசு, மற்றது நரகம். இரண்டில் எதையும் பெயரைப் பார்த்து எடைபோட முடியாது.

இந்த நரகத்தில் வசிப்பது ஒரு பறவை. நார்கொண்டம் இருவாட்சி. உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லை. இந்த 7 சதுர கிலோமீட்டர்தான் அதன் மொத்த உலகம். ஆசியாவின் இருவாட்சிகளில் இவ்வளவு குறுகிய இடத்தில் வாழ்வது வேறொன்றில்லை. வால்பாறைப் பக்கம் போனவர்கள் பெரிய இருவாட்சியைப் பார்த்திருக்கலாம். தலைக்கு மேலே ரயில் எஞ்சின் மூச்சு விடுவது போலச் சிறகோசை கேட்டால் அதுதான். நார்கொண்டத்தின் பறவை அதைவிடச் சிறியது. ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண் முழுக்கக் கருப்பு. இரண்டுக்கும் வெள்ளை வால்.

அதை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தவரின் பெயரை நாம் வேறொரு பாடத்தில் படித்திருக்கிறோம். 1885-ல் இந்திய தேசிய காங்கிரஸ் தொடங்கக் காரணமாயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான் அவர். அரசியலுக்கு முன் அவருடைய பித்து பறவைகள். 1873-ல் கப்பல் ஏறி வங்கக் கடல் தீவுகளைச் சுற்றினார். புவியியலாளர் வேலன்டைன் பாலும் உடன் சென்றார். அதே ஆண்டு ஹியூம் இந்த இருவாட்சியைத் தனி இனமாக விவரித்துத் தீவின் பெயரையே சூட்டினார். இந்தியப் பறவைகளைப் பற்றி ஒரு மாபெரும் நூல் எழுத அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை வேலைக்காரர் ஒருவர் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் விற்றுவிட்டார் என்பது பறவையியல் வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் சோகம். தன் சேகரிப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு ஹியூம் பறவைகளை விட்டு விலகினார். காங்கிரசுக்கு அது லாபமா என்று வரலாற்றாசிரியர்கள் முடிவு செய்யட்டும். பறவையியலுக்கு நஷ்டம்.

அந்தமான் நிக்கோபாரின் மற்றத் தீவுகள் எதிலும் இருவாட்சி கிடையாது. பக்கத்திலுள்ள பெரிய காடுகளை விட்டுவிட்டு இந்தப் பொட்டுக்கு அது எப்படி வந்தது? பர்மியப் பக்கத்திலிருந்து என்றோ கடல் தாண்டி வந்த சில பறவைகளின் வாரிசுகள் என்பதே பொருத்தமான ஊகம். நெருங்கிய உறவினங்கள் அங்கேதான் இருக்கின்றன. எரிமலைத் தீவு பிறக்கும்போது வெறும் பாறை. அதில் காடு வளர யாராவது விதை கொண்டுவர வேண்டும். காற்று கொஞ்சம் கொண்டுவரும், கடல் கொஞ்சம். மற்றதைப் பழந்தின்னிப் பறவைகள் வயிற்றில் சுமந்து வருகின்றன. நார்கொண்டத்துக் காட்டில் ஆலும் அரசும் அத்தியுமான ஒரே குடும்பத்து மரங்கள் மண்டியிருப்பது அதனால்தான். இருவாட்சி, வெண்புறா, குயில் எல்லாம் அந்தப் பழங்களை நம்பியிருக்கின்றன. மரங்களும் இவற்றை நம்பியிருக்கின்றன.

இருவாட்சியின் குடும்ப வாழ்க்கையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் கதைக்கு அது தேவை. பெரிய, வயதான மரத்தில் கிளை முறிந்து உளுத்த பொந்துதான் கூடு. மரங்கொத்தி போல இதற்குப் பொந்து குடையத் தெரியாது. இயற்கை தயார் செய்து வைத்திருக்க வேண்டும். பிப்ரவரி வாக்கில் பெண் உள்ளே புகுந்து வாசலைத் தன் எச்சத்தாலும் பழச் சக்கையாலும் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் மிச்சம். உள்ளே சிறகுகளை உதிர்த்துவிட்டு முட்டையிட்டு அடைகாக்கிறது. வாரக்கணக்கில் அதற்கும் குஞ்சுக்கும் வேளாவேளைக்குப் பழம் கொண்டுவந்து ஊட்டுவது ஆணின் வேலை. வழியில் ஆணுக்கு ஏதாவது நேர்ந்தால் உள்ளே இருக்கும் குடும்பமும் தப்பாது. ஒரு பறவையைச் சுட்டால் ஒரு பறவை சாகிறது என்ற கணக்கு இங்கே செல்லாது.

நூறாண்டுகள் கழித்து அரசாங்கம் தீவுக்கு வந்தது. 1969-ல் அங்கே ஒரு போலீஸ் முகாம் அமைக்கப்பட்டது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. எல்லை தீர்மானமாகாத கடல், பக்கத்தில் வேறு நாட்டுத் தீவு, கள்ளத்தனமாக மீன் பிடிக்கவும் கடல் அட்டை அள்ளவும் வரும் படகுகள். கொடி ஒன்று பறந்தாக வேண்டும். பர்மாவுடன் கடல் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது 1986-ல்தான். நார்கொண்டம் இந்தியாவுடையது என்பது அதில் உறுதியானது. அதுவரை அந்த உரிமைக்கு அத்தாட்சியாக இருந்தவர்கள் முகாமின் போலீஸார்தான்.

செய்தி நிறுவனங்களின் ஆங்கிலக் குறிப்புகளில் நார்கொண்டம் 'மக்கள் வசிக்காத தீவு' என்று வரும். அடுத்த வரியில் போலீஸ் முகாம் வரும். மொழிபெயர்ப்பவன் கொஞ்சம் தயங்கத்தான் வேண்டியிருக்கிறது. அங்கே இருப்பவர்களும் மக்கள்தானே! மாதக்கணக்கில் கப்பலுக்குக் காத்திருந்து, மாற்று ஆள் வரும் நாளை எண்ணிக்கொண்டு, காடும் கடலும் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் காவல் இருப்பது தண்டனைக்குச் சமமான வேலை. அவர்கள் தென்னை, பாக்கு, வாழை நட்டார்கள். அதற்காகக் கடலோரச் சமதளக் காட்டில் ஒரு பகுதி போனது. சமதளமே குறைவான தீவில் அது சின்ன இழப்பல்ல. சில காலம் வேட்டையும் நடந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1976-ல் கறிக்காகச் சில ஆடுகள் வந்து இறங்கின. அடுத்த ஆண்டு, 1977-ல், தீவு முழுவதும் வனவிலங்குச் சரணாலயம் என்று அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்தபோது ஆடு உள்ளே இருந்தது.

தீவுகளில் ஆடு என்பது புதிய கதையல்ல. அட்லாண்டிக்கின் நடுவே நெப்போலியனைச் சிறை வைத்த செயின்ட் ஹெலினாவும் எரிமலைத் தீவுதான். அங்கே போர்த்துகீசியர் 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடுகளை விட்டார்கள். அந்தத் தீவுக்கே உரிய கருங்காலிக் காடு பிறகு தலையெடுக்கவில்லை. பாரன் தீவிலும் 1891-ல் ஒரு கப்பல் ஆடுகளை இறக்கிவிட்டுப் போயிற்று. கப்பல் உடைந்து கரையேறுகிறவர்களுக்குச் சாப்பாடு ஆகட்டும் என்பது அந்தக் காலத்து மாலுமிகளின் தர்மம். எரிமலைக்குழம்புக்கும் வறட்சிக்கும் தப்பி ஆடுகள் அங்கே வாழ்ந்துவிட்டன.

நார்கொண்டத்தில் ஆட்டைத் தின்னப் புலியும் இல்லை, நரியும் இல்லை. பட்டியை விட்டு மலையேறிய ஆடுகள் சில பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆடு எந்த இருவாட்சியையும் கடிப்பதில்லை. கூட்டைக் கலைப்பதில்லை. அது தின்பது நாற்றுகளை. முற்றிய மரங்கள் அப்படியே நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் காடு பசுமையாகவே தெரியும். ஆனால் அடியில் இளமரம் இருக்காது. இன்று பொந்து தரும் மரம் புயலில் சாய்ந்தால் அந்த இடத்தை நிரப்பத் தயாராக அடுத்த தலைமுறை மரம் இல்லை. ஆடு தின்ற நாற்றின் விளைவு பறவைக் கணக்கில் தெரிய ஐம்பது, நூறு ஆண்டுகள் ஆகும். கோப்பில் கையெழுத்துப் போட்ட எந்த அதிகாரியும் அதுவரை பதவியில் இருக்கப் போவதில்லை. இதுதான் ஆட்டின் ஆபத்து, என் கணிப்பில் எரிமலையைவிடப் பெரிய ஆபத்து.

எஸ்.ஏ. ஹுசேன் 1972-ல் தீவில் தங்கி, பறவைகள் 400 அளவில் இருக்கும் என மதிப்பிட்டார். 1990-களின் இறுதியில் கோவையில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன் செய்த ஆய்வில் கணக்கு 300-ஐ ஒட்டி வந்தது. ஆடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தினார்கள். நம் நாட்டில் இத்தகைய யோசனைகள் பெரும்பாலும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தோடு நின்றுவிடும். இங்கே நிற்கவில்லை. 2000-க்குப் பிறகு வனத்துறையும் போலீஸாரும் சேர்ந்து ஆடுகளைப் பிடித்து அகற்றினார்கள். வேட்டையும் நின்றது. இருவாட்சிக்கு இன்று நல்ல காவல் முகாமின் போலீஸார்தான் என்று சொன்னால் மிகையில்லை.

நிம்மதி நீடிக்கவில்லை. தீவின்மேல் ரேடார் ஒன்று நிறுவக் கடலோரக் காவல் படை அனுமதி கேட்டது. கேட்ட நிலம் ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. ஆனால் ரேடார் தனியாக வராது. மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டர், டீசலுக்குத் தொட்டி, மேலே போகப் பாதை, கட்ட ஆட்கள், ஆட்களுக்கு விறகு என்று ஒரு ஊர்வலமே பின்னால் வரும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அப்போதைய இயக்குநர் அசத் ரஹ்மானி கடுமையாக எதிர்த்தார். 2012 ஆகஸ்டில், சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெயந்தி நடராஜன் அனுமதி மறுத்தார். பாதுகாப்பு என்ற சொல் போட்ட கோப்பைத் திருப்பி அனுப்ப டெல்லியில் துணிச்சல் வேண்டும். 2014-ல் ஆட்சி மாறியது. சில வாரங்களில், ஜூனில், புதிய அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர் அனுமதி வழங்கிவிட்டார்.

பாதுகாப்புத் தரப்பு சொல்வதையும் நியாயமாகக் கேட்க வேண்டும். கோகோ தீவுகளில் சீனாவின் ஒட்டுக்கேட்பு நிலையம் இருக்கிறது என்ற பேச்சு 1990-களிலிருந்தே உண்டு. 2005-ல் கடற்படைத் தலைமைத் தளபதி அருண் பிரகாஷ் அப்படி எதுவும் அங்கே இல்லை என்றார். 2023-ல் வெளியான செயற்கைக்கோள் படங்களில் பெரிய கோகோ தீவின் விமான ஓடுதளம் நீட்டப்பட்டிருப்பதும் புதிய கட்டடங்களும் தெரிந்தன. சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. ஆனால் ரேடாரை வேறு தீவின் உச்சியில் வைக்கலாம், கப்பலில் வைக்கலாம், கண்காணிப்பை வானத்திலிருந்தும் செய்யலாம். இருவாட்சிக்கு மாற்று இடம் கிடையாது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துச் 'சமநிலை' பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2020-ன் தொடக்கத்தில் நல்ல சேதி ஒன்று வந்தது. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ரோஹித் நானிவடேகரும் அவருடைய குழுவினரும் தீவில் தங்கிக் கணக்கெடுத்ததில் இருவாட்சிகள் ஆயிரம் அளவில் இருப்பதாகத் தெரிந்தது. உலகில் இருவாட்சிகள் இவ்வளவு நெருக்கமாக வாழும் இடம் வேறு பதிவாகவில்லை. மனம் நிறையத்தான் செய்கிறது. ஆனாலும் 300 இருபது ஆண்டுகளில் 1,000 ஆகிவிட்டது என்று கூட்டல் போட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் எண்ணிய விதம் வேறு, தீவில் ஏறிப் பார்த்த பகுதிகள் வேறு. முன்பே இன்னும் அதிகம் இருந்திருக்கலாம்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. ஆயிரம் என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, 'அதுதான் நிறைய இருக்கிறதே' என்று ஒரு கோப்பு தயாராவது எளிது. ஆயிரமும் ஒரே மலையில், ஒரே காட்டில் இருக்கின்றன. ஒரு கடும் புயல், ஒரு காட்டுத் தீ, கோழிக் கூண்டோடு வந்து இறங்கும் ஒரு நோய் போதும். பல காடுகளில் பரவியிருக்கும் பறவைக்கு ஒரு காடு போனால் மற்றொன்று இருக்கும். இதற்கு அந்த வசதி இல்லை. ஆங்கிலத்தில் அவிந்துபோன எரிமலைக்கும் அற்றுப்போன பறவைக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. தமிழில் இரண்டும் வேறு வேறு. எரிமலை அவிந்துவிட்டது என்று எழுதிய பிறகும் அது விழித்துக்கொள்ள வாய்ப்புண்டு.

செய்ய வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. முகாமுக்கு மண்ணெண்ணெயும் எரிவாயுவும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் விறகுக்குக் காட்டில் கை வைக்க வேண்டியதில்லை. உலர்ந்த மாதங்களில் தீ மூட்டுவதில் கண்டிப்பு வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே முறையில் பறவைகளையும், பொந்துள்ள மரங்களையும், அவற்றின் அடியில் முளைத்திருக்கும் நாற்றுகளையும் எண்ண வேண்டும். ஆடு போன பிறகு காடு உண்மையிலேயே மீள்கிறதா என்பது நாற்றுக் கணக்கில்தான் தெரியும். தீவுக்குப் போகும் ஒவ்வொரு அரிசி மூட்டையையும் போர்ட் பிளேர் துறைமுகத்திலேயே பிரித்துப் பார்த்து, எலியோ களை விதையோ இல்லை என்று உறுதிசெய்த பிறகே கப்பலில் ஏற்ற வேண்டும். ஒரு கோணி ஊசியும் பொறுமையான ஒரு சிப்பந்தியும் இருந்தால் நடக்கிற வேலை.